மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சி: எதற்கு வெளியே அனுப்புவது, எதை உள்ளேயே நடத்துவது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 30 படுக்கை உள்ள மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வட்டார மருத்துவ அலுவலராகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஸ்டாஃப் நர்ஸ்களில் பாதிப் பேர் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு தேசியத் தரச்சான்று மதிப்பீடு வருகிறது. யாரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது, ஆன்லைன் படிப்புகளில் எது உருப்படியானது, ராத்திரியில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

பொது சுகாதாரத் துறையில் பயிற்சிப் பக்கம் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பயிற்சி கொடுக்கும் இடங்களுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமே இல்லை. எழும்பூரில் சுகாதார, குடும்ப நலப் பயிற்சி மையம் இருக்கிறது. பூந்தமல்லியில் பொது சுகாதார நிறுவனம். புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்தில் மண்டலப் பயிற்சி நிலையம். சேலத்திலும் விழுப்புரத்திலும் சுகாதாரப் பணியாளர் மேம்பாட்டு நிறுவனங்கள். திண்டுக்கல் அருகே 1964 முதல் நடக்கும் காந்திகிராமம் ஊரக சுகாதார, குடும்ப நல நிறுவனம் வேறு. கிராம சுகாதார செவிலியர்களிலும் சுகாதார ஆய்வாளர்களிலும் இவற்றில் ஏதாவது ஒன்றின் வாசலை மிதிக்காதவர் அரிது. உங்கள் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பயிற்சிக் காலண்டர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, உங்கள் ஆட்களில் யார் எதை முடித்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் அந்தத் தாள் இல்லாத நிலையங்கள்தான் அதிகம். அதனால் ஒரே சிஸ்டர் ஒரே பயிற்சிக்கு இரண்டு முறை போவதும், இன்னொருவர் ஒன்றுக்குமே போகாமல் இருப்பதும் நடக்கும்.

இனி அனுப்பும் விஷயம். பிரசவம் பார்க்கும் திறனுக்கான எஸ்பிஏ பயிற்சி 21 நாள். பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவழைக்கும் என்எஸ்எஸ்கே பயிற்சி 2 நாள். உங்கள் நிலையத்தில் லேபர் ரூமைச் சுழற்சியில் பார்ப்பவர்கள் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் 21 நாள் போனால் மிச்சமிருப்பவர்கள் நைட் டியூட்டியைப் பங்கு போட்டே ஓய்ந்துவிடுவார்கள். பயிற்சியின் உண்மையான செலவு பஸ் கட்டணமோ படியோ இல்லை, டியூட்டி அட்டவணையில் விழும் ஓட்டைதான். ஆகவே பெயரைக் கொடுப்பதற்கு முன்பே, அந்த நாட்களுக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து மாற்று ஆள் வேண்டும் என்று டிடி ஆபீஸுக்கு எழுத்தில் கேளுங்கள். (மாவட்ட சுகாதார அலுவலகம்தான்; பதவிப் பெயர் மாறினாலும் டிடி ஆபீஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.) வாய்வார்த்தையாகக் கேட்டால், ரிலீவ் ஆர்டர் வரும், மாற்று ஆள் வரமாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 15 பிரசவம் நடக்கும் நிலையம் என்றால் வருஷத்துக்கு 180. நான்கு நர்ஸ்கள் சமமாகப் பார்த்தால் ஆளுக்கு 45. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு வரைதான் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும். அதிலும் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த தாய்மாரை மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். ஆக ஒரு சிஸ்டருக்கு வருஷத்தில் ஒன்றோ இரண்டோ தடவைதான் அந்த நிலைமை எதிரில் வந்து நிற்கும். பத்து மாசத்துக்கு முன்னால் வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்தது, விடியற்காலை மூன்று மணிக்கு, நீலம் பாய்ந்த குழந்தை கையில் இருக்கும்போது எப்படி வரும்? அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கை பழகாத வேலை மறந்துதான் போகும்.

இதற்குத் தான்சானியாவின் வடபகுதியில் ஹைடம் என்ற ஊரில் உள்ள லுத்தரன் மருத்துவமனையில் கிடைத்த பாடம் மிகவும் பொருந்தும். அங்கே குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பயிற்சியை முதலில் ஒரே நாள் வகுப்பாக நடத்தினார்கள். மாதங்கள் கழித்துச் சோதித்தபோது பொம்மையிடம் எல்லோரும் நன்றாகவே செய்தார்கள். நிஜப் பிரசவத்தில் மாற்றமே இல்லை. பிறகு முறையை மாற்றினார்கள். லேபர் ரூமிலேயே பொம்மை, வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடப் பழக்கம், மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. 2015-இல் வெளியான ஆய்வு. பணம் கொழிக்கும் இடமில்லை அது.

அதனால் என் முதல் யோசனை இதுதான். வெளிப் பயிற்சிக்கு ஆள் அனுப்புவது ஒரு பக்கம் நடக்கட்டும். உங்கள் லேபர் ரூம் மூலையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பொம்மை, ஒரு பை, இரண்டு மாஸ்க் என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டினால் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே பழக்கம் நின்றுவிடும். நியோநேட்டாலி என்று ஒரு பொம்மை வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினால் கையில் எடுக்கும்போது பிறந்த குழந்தையின் கனம் இருக்கும். பையை அழுத்தி மாஸ்க் சரியாகப் பொருந்தினால் நெஞ்சு உயரும், இல்லாவிட்டால் உயராது. அதைவிட நல்ல ஆசிரியர் தேவையில்லை.

ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சிஸ்டர்களும் இருக்கும் அந்த ஐந்து நிமிடம் போதும். முதலில் பையைச் சோதிப்பது. மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்து, பையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையில் அழுத்தம் தெரிய வேண்டும், இன்னும் அழுத்தினால் வால்வு வழியாக ‘புஸ்’ என்று காற்று வெளியேற வேண்டும். விட்டவுடன் பை பழைய வடிவத்துக்கு வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பையை ஒதுக்கிவிட வேண்டும். இதைச் செய்யப் பத்து வினாடி. நான் பார்த்த பல இடங்களில் லேபர் ரூம் ட்ரேயில் இருக்கும் பையின் வால்வு கழுவிக் கோத்தபோது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. அடுத்து, நிறைமாதக் குழந்தைக்கு 1 நம்பர் மாஸ்க், எடை குறைந்த குழந்தைக்கு 0 நம்பர் என்பதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, பிறந்து ஒரு நிமிடத்துக்குள் முதல் மூச்சு உள்ளே போய்விட வேண்டும் என்பதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் செய்து காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வாரம் ஒரு தலைப்பு என்று சுற்றி வரலாம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குப் போடும் 10 யூனிட் ஆக்சிடோசின் சதை ஊசி, ஃபிரிட்ஜில் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பது உட்பட. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு அனுப்புவதற்கு முன் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ். இதைப் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள், ஆம்பியூலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2 மில்லி ஆம்பியூலில் 1 கிராம்; பிட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 5, மறுபக்கத்துக்கு 5, ஆக 10 ஆம்பியூல் வேண்டும். ட்ரேயில் ஆறுதான் இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். பயிற்சியும் ஸ்டாக் சோதனையும் ஒரே நேரத்தில் முடிந்தது.

பயிற்சி மட்டும் போதும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து பெட்டர்பர்த் என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2017-இல் முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து, பயிற்சியாளர்கள் நேரில் போய் எட்டு மாதம் கூடவே நின்று பழக்கினார்கள். இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டிய 18 செயல்களில் 73 சதவீதம் நடந்தது. பயிற்சி கிடைக்காத நிலையங்களில் 42 சதவீதம். பன்னிரண்டாம் மாதத்தில், அதாவது பயிற்சியாளர்கள் போன பிறகு, 62 ஆக இறங்கியது. இறப்பிலோ கடும் சிக்கலிலோ வித்தியாசம் வரவில்லை. பழக்கம் மாறியும் உயிர் ஏன் மிஞ்சவில்லை என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், சிக்கல் வந்த பிறகு கையாளும் திறனும் மருந்தும் அனுப்பும் வசதியும் சேர்ந்து மேம்படாமல் பட்டியலில் டிக் அடிப்பது மட்டும் மேம்பட்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கு நேர் எதிராக 2023-இல் வந்த இ-மோட்டிவ் ஆய்வைப் பாருங்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிடாமல், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேகரித்து அளந்தார்கள். வயிற்றைப் பிசைந்து விடுவது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் ஆசிட், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கூடவே அந்தந்த லேபர் ரூமிலேயே பயிற்சி, மருந்துகளை ஒரே பெட்டியில் வைப்பது, மாதாமாதம் ‘உங்கள் கணக்கு இது’ என்று காட்டுவது. ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது வழக்கமான முறையில் 51 சதவீதம், இந்த முறையில் 93. கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் இறப்பு ஆகிய மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. அளக்கும் விரிப்பு என்பதே நம் பக்கத்து கர்நாடகத்தின் பெலகாவியில் செய்து பார்த்த யோசனைதான் என்பது பலருக்குத் தெரியாது. பயிற்சியும் பொருளும் பின்னூட்டமும் ஒன்றாகப் போனால்தான் பலன் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

ராத்திரி யாரைக் கேட்பது என்பது உங்கள் கேள்விகளிலேயே முக்கியமானது. பதில்: நீங்கள் வழக்கமாக ரெஃபர் பண்ணும் சீமாங்க் மையத்தின் (அறுவை சிகிச்சையும் ரத்தம் ஏற்றுவதும் உள்ள அவசர மகப்பேறு மையம்) மகப்பேறு டியூட்டி டாக்டரை. இதற்கு ஆர்டர் எதுவும் வேண்டாம். ஒரு பகல் நேரத்தில் நேரில் போய், அங்குள்ள தலைமை மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, டியூட்டி ரூம் நம்பரை வாங்கி வாருங்கள். போகும்போது உங்கள் லேபர் ரூம் இன்சார்ஜ் சிஸ்டரையும் கூட்டிப் போங்கள். ஏனென்றால் ராத்திரி போன் எடுப்பது அவர்தான். அறிமுகம் இல்லாதவரிடம் போனில் கேட்கத் தயங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல் 108-இல் ஏற்றி அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்கும் எரிச்சல், இந்தப் பக்கம் இருப்பவருக்கும் பயம். ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கினால் நல்லதுதான், ஆனால் நோயாளியின் பெயர், முகம், செல் நம்பர் எதுவும் அதில் போகக்கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் அங்கேயே கேட்டு வாங்கலாம். உங்கள் சிஸ்டர்களை இரண்டிரண்டு நாளாக, மாறி மாறி, அந்த லேபர் ரூமில் நைட் டியூட்டி பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். உங்கள் நிலையத்தில் ஒரு மாதத்தில் நடக்கும் பிரசவம் அங்கே ஓரிரு நாளில் நடந்துவிடும். 21 நாள் வகுப்புக்கு மாற்றாக இதை வைக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே வகுப்பு முடித்தவர்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. நீங்கள் அனுப்பிய தாய்க்கு அங்கே என்ன ஆனது என்ற பதில் சீட்டையும் கேளுங்கள். ‘அனுப்பினோம், ரத்தம் ஏற்றினார்கள், தாயும் சேயும் நலம், ஆனால் ஐவி லைன் போட்டு அனுப்பியிருக்கலாம்’ என்று ஒரு வரி வந்தாலே அது ஒரு வகுப்புக்குச் சமம். தமிழ்நாட்டில் மகப்பேறு இறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆராயும் வழக்கம் 1990-களிலேயே வந்துவிட்டது. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறப்பு என்று 2018-20 கணக்கில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இறப்பை ஆராய்வதோடு நிற்காமல், மயிரிழையில் தப்பிய தாய்மாரின் கதையையும் உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசுங்கள். திட்டு விழாத கூட்டமாக அது இருந்தால்தான் யாரும் வாய் திறப்பார்கள்.

பிரசவத்துக்கு வெளியே, உங்கள் டாக்டர்களுக்குப் பயிற்சி மிக அவசரமாகத் தேவைப்படுவது பாம்புக்கடி. கிராமத்து நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருந்தும், ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் போடாமலே அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் உயிரையும் சிறுநீரகத்தையும் தீர்மானிக்கிறது. பழக்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை: புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் 2 மில்லி ரத்தம், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் ட்யூபில் செய்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபில் செய்தாலும் முடிவு தப்பும். ஆனால் பல லேப்களில் இன்று கண்ணாடி ட்யூபே இல்லை! இண்டென்ட் போட்டு ஒரு டப்பா வாங்கி அவசரப் பிரிவில் தனியாக வையுங்கள். கட்டுவிரியனும் நல்லபாம்பும் நரம்பைத் தாக்குபவை, அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. இமை தொங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது, மருந்து ஏற்றும் முறை: முதல் தவணை 8 முதல் 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு, டெஸ்ட் டோஸ் தேவையில்லை, பக்கத்தில் அட்ரினலின் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக இருக்க வேண்டும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக மாநில அரசு அறிவித்துவிட்டதால், ஒவ்வொரு கடியும் இனிக் கணக்கில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டையே பயிற்சிக் குறிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

லேப் டெக்னீஷியனையும் மருந்தாளுநரையும் பயிற்சிக் காலண்டரே மறந்துவிடும். லேபுக்கு நான் சொல்லும் வழி, வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித் தரச் சோதனைத் திட்டம். அவர்கள் அனுப்பும் மாதிரியை உங்கள் லேபில் செய்து முடிவை அனுப்பினால், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். சர்க்கரை அளவு எப்போதும் 20 கூடுதலாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு எத்தனை நீரிழிவு நோயாளிக்கு மாத்திரையைக் கூட்டியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். மருந்தாளுநருக்கு, நமக்கு மருந்து தரும் மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்வது போதும். நிலையத்தின் மருந்துக் கணக்கான பாஸ்புக்கில் உள்ள தொகைக்குள் எதை முதலில் எடுப்பது, காலாவதி நெருங்கியதை எந்த நிலையத்துக்கு மாற்றுவது என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்குத்தான் அத்துப்படி.

கிராம சுகாதார செவிலியர்களின் விஷயத்தில் மாதாந்திர செக்டார் கூட்டத்தைத்தான் நம்ப வேண்டும். இப்போது அது முழுக்க எண்ணிக்கை கேட்கும் கூட்டமாகிவிட்டது. அதில் இருபது நிமிடத்தைப் பிடுங்கி ஒரே ஒரு திறனுக்குக் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து வீட்டு வாசலில் ரத்த அழுத்தம் பார்ப்பது லட்சக்கணக்கில் நடக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள்தான் பார்க்கிறார்கள். நோயாளி ஐந்து நிமிடம் உட்கார்ந்தாரா, முதுகு சாய்ந்திருந்ததா, கை நெஞ்சு மட்டத்தில் இருந்ததா, பட்டை கையின் பருமனுக்குச் சரியா என்பதைப் பழக்கினால் போதும். களத்துமேட்டில் நின்றபடியே பார்த்த அளவை வைத்து மாத்திரை தொடங்குவது நின்றுவிடும்.

ஒரு பயிற்சி எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு 2022-இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் நல்ல உதாரணம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து செய்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவரின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, தாங்குதல் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். லேப் சோதனை எதுவும் வேண்டாம். ஒரே தாள். அதில் அபாயம் தெரிந்தால் உடனே அட்மிஷன். ஒரு சுகாதாரப் பணியாளருக்கு இதை ஒரே உட்காருகையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். உங்கள் வட்டாரத்தின் எந்தப் பயிற்சியையும் இப்படி ஒரு தாளுக்குச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது பெரும்பாலும் வகுப்பிலேயே தங்கிவிடும்.

ஆன்லைன் பற்றி. சான்றிதழுக்காக என்றால் ஐகாட் கர்மயோகி, சக்ஷம் என்ற அரசின் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஆனால் ராத்திரி டியூட்டி முடித்த சிஸ்டர் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்குவார் என்பதையும் தெரிந்தே கணக்கில் வையுங்கள். டாக்டர்களுக்கு உருப்படியானது என்று நான் நினைப்பது பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் டிஜிட்டல் அகாடமி. மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை ஆரம்ப நிலையத்திலேயே எப்படிக் கையாள்வது என்று கேஸை வைத்துப் பேசுவார்கள். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறைதான் அது. நிபுணர் விரிவுரை செய்வதைவிட, தூரத்து டாக்டர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து யோசிப்பது. உங்கள் வலி நிவாரண நர்ஸுக்குத் திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா இதே முறையில் நடத்தும் வகுப்புகள் நல்லவை. குடும்ப மருத்துவத்தில் ஆழமாகப் போக விரும்பும் இளம் டாக்டர் இருந்தால் வேலூர் சிஎம்சியின் தொலைதூரப் படிப்பைச் சொல்லுங்கள். அரசின் தொலைமருத்துவத் தளமான இ-சஞ்சீவனியில் நிபுணரிடம் கேட்பது தோல் நோய், நாள்பட்ட வியாதிகளுக்குக் கைகொடுக்கும். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது அதைத் திறந்து உட்காராதீர்கள்.

தரச்சான்றுக்கு வருவோம். உங்களுடையதைப் போன்ற 30 படுக்கை நிலையம் இதில் சமுதாய சுகாதார நிலைய அளவில் வரும்; அதற்கு 12 பிரிவுகளுக்குத் தனித்தனிச் சரிபார்ப்புப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தத்தில் 70 சதவீதம் எடுக்க வேண்டும், சான்று மூன்றாண்டு செல்லும். பலரும் கடைசி மூன்று மாதத்தில் ராத்திரி பகலாக ரெஜிஸ்டர் எழுதித் தயாராகிறார்கள். மதிப்பீட்டாளர் ரெஜிஸ்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. நேரில் கவனிப்பார், ஊழியரைக் கேட்பார், நோயாளியிடம் பேசுவார். ‘கை கழுவிக் காட்டுங்கள் சிஸ்டர்’, ‘இந்தப் பையைச் சோதித்துக் காட்டுங்கள்’ என்றுதான் ஆரம்பிப்பார். மேலே சொன்ன ஐந்து நிமிடப் பழக்கம் ஒரு வருஷம் நடந்திருந்தால் லேபர் ரூம் பட்டியலில் மருத்துவச் சேவை சார்ந்த வரிகள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். மிச்சமுள்ள கட்டடம், குப்பைப் பிரிப்பு, தீயணைப்புச் சான்று போன்றவற்றுக்கு மாவட்டத் தர ஆலோசகரை இப்போதே ஒருமுறை வரச் சொல்லுங்கள். முதல் உள்மதிப்பீட்டில் 45, 50 வந்தால் மனசு விட வேண்டாம். முதல் தடவையிலேயே 85 போட்டுக்கொள்ளும் நிலையத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பணம்: பொம்மை, அளவு விரிப்பு, கண்ணாடி ட்யூப், சுவர்க் கடிகாரம் இவை நோயாளர் நலச் சங்க நிதியில் அடங்கிவிடும். கூட்டத்தில் தீர்மானம் போட்டு, மினிட்ஸில் கையெழுத்து வாங்கிவிட்டு வாங்குங்கள். வெளிப் பயிற்சி, பயிற்சியாளர் படி ஆகியவை தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாவட்டத் திட்டத்தில்தான் வர வேண்டும். அது இப்போது ஈராண்டுத் திட்டமாகப் போகிறது. ஆகவே திட்டம் தயாராகும் நேரத்தில் உங்கள் தேவை மாவட்ட அலுவலகத்தின் மேசையில் இருக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த சுற்றுதான். உள்ளூர் ரோட்டரி சங்கமோ தொழிற்சாலையோ நன்கொடையாக ஏதாவது கொடுக்க முன்வந்தால் டிவியும் நாற்காலியும் வேண்டாம் என்று சொல்லி, பொம்மையின் பெயரையும் மாடலையும் எழுதிக் கொடுங்கள். வந்தவுடன் நலச் சங்கத்தின் பெயரில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, ‘பயிற்சிக்கு மட்டும், லேபர் ரூமில் நிரந்தரமாக’ என்று குறிப்பெழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மாறுதலாகிப் போன மறுமாசமே அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும்.